நடைபயணத்தின் வால்: பெங்களூரு ஹாம்களுக்கு ஒரு கைக்குறிப்பு

நன்கொடை திரட்டும் நடைபயணம் ஒன்றுக்கு ரேடியோத் தொடர்பு கொடுக்க ஹாம் குழு (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள்) கூடினால், முதல் பேச்சு ஆண்டெனாவைப் பற்றித்தான் இருக்கும். எந்த ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் உயரத்து நிலையம்), எத்தனை வாட், யாரிடம் மொபைல் செட் (வண்டியில் வைக்கும் பெரிய ரேடியோ) இருக்கிறது. எல்லாம் பேச வேண்டியவைதான். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகளை ஒரு தாளில் பெரிதாக எழுதி, கண்ட்ரோல் மேசையில் ஒட்டிவிடுங்கள். கடைசி ஆள் இப்போது எங்கே? ஆம்புலன்ஸ் இப்போது எங்கே, எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது? நடை தொடங்கியதிலிருந்து முடியும்வரை எந்த நிமிடத்தில் யார் வந்து கேட்டாலும் இவை இரண்டுக்கும் பத்து நொடியில் பதில் வர வேண்டும். அலைவரிசை, பேட்டரி, லாக் புத்தகம், பேசும் முறை எல்லாமே இந்தப் பதிலுக்காகத்தான்.

கைபேசி இருக்கும்போது ரேடியோ எதற்கு என்று ஏற்பாட்டாளர்கள் கேட்பார்கள். நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். ஒருவருக்கு ஒருவர் தனியாகப் பேச கைபேசிதான் நல்லது. ஒருவர் சொல்வதைப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்க வேண்டுமென்றால் ரேடியோ. ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் நின்று வீடியோ அனுப்பிக்கொண்டிருக்கும் தொடக்கக் கோட்டில் கைபேசி அழைப்பு சிக்கலாம். அங்கேயும் சிம்ப்ளெக்ஸில் (ரிப்பீட்டர் இல்லாமல், செட்டுக்குச் செட் நேராக) இருக்கும் ஹேண்டி (கையடக்க ரேடியோ) வேலை செய்யும்.

ஒரு பாதையை வைத்துக்கொண்டு பார்த்தால்தான் கணக்கு புரியும். கண்டீரவா ஸ்டேடியத்தில் தொடங்கி, கஸ்தூர்பா ரோடு, எம்.ஜி. ரோடு, டிரினிட்டி சர்க்கிள், அல்சூர் ஏரிக்கரை, திருவள்ளுவர் சிலை, கப்பன் ரோட்டில் மானெக்ஷா அணிவகுப்பு மைதானம், மீண்டும் ஸ்டேடியம் என்று தோராயமாக 10 கிலோமீட்டர் வைத்துக்கொள்வோம். ஆபரேட்டர் நிற்கும் ஐந்து நிலையங்கள்: எம்.ஜி. ரோடு தொடங்கும் இடம் 1.5-வது கிலோமீட்டரில், டிரினிட்டி 3.5-இல், ஏரிக்கரை 5-இல், வள்ளுவர் சிலை 6.5-இல், அணிவகுப்பு மைதானம் 8.5-இல்.

வேகமாக நடப்பவர் மணிக்கு 6 கிலோமீட்டர் போவார். குழந்தைகளோடு வருபவர், முழங்கால் வலியோடு வரும் பெரியவர் 3 கிலோமீட்டர். ஆறு மணிக்குக் கொடி அசைத்தால் 2,000 பேர் கோட்டைத் தாண்டவே பத்து நிமிடம் ஆகலாம். அப்படியானால் முதல் நிலையத்துக்குத் தலை (முதலில் நடப்பவர்) 6:15-க்கும் வால் (கடைசியில் நடப்பவர்) 6:40-க்கும் வரும். இடைவெளி 25 நிமிடம். ஏரிக்கரையில் 6:50-க்கும் 7:50-க்கும். ஐந்தாவது நிலையத்தில் 7:25-க்குத் தலை, 9 மணிக்கு வால்; இடைவெளி 95 நிமிடம். தலை 7:40-க்கு முடித்துவிடும், வால் 9:30-க்குத்தான் வரும். மேடையில் பேச்சு முடிந்து, டிபன் கொடுத்து, பந்தலைப் பிரிக்கத் தொடங்கும் நேரத்தில் வால் இன்னும் கப்பன் ரோட்டில் இருக்கும். ஆபத்து அதிகம் உள்ள ஒன்றரை மணி நேரம் அதுதான். வெயில் ஏறியிருக்கும், தண்ணீர் தீர்ந்திருக்கும், மூடிய சாலைகளைப் போலீஸ் திறந்துவிட்டிருப்பார்கள். நடப்பவர்களோ உடல் தளர்ந்தவர்கள். இந்தக் கால அட்டவணையை அச்சடித்து ஒவ்வொரு ஆபரேட்டர் கையிலும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் மூன்றாம் நிலையத்து ஆள் 7:20-க்கே "கூட்டம் போயிடுச்சு" என்று நாற்காலியை மடக்கிவிடுவார்.

ஆள் கணக்கு இந்தப் பாதைக்குப் பன்னிரண்டு. கண்ட்ரோலில் இருவர், நிலையங்களில் ஐவர், தலையோடு ஒருவர், வாலோடு ஒருவர், ஆம்புலன்ஸில் ஒருவர், தொடக்கக் கோட்டில் ஒருவர், இருசக்கர வண்டியோடு கைவசம் ஒருவர். எட்டு பேர்தான் கிடைத்தால் தலையோடு போகும் ஆளை முதலில் விட்டுவிடுங்கள். தலையை நிலையங்களே பார்த்துச் சொல்லும். அடுத்து தொடக்கக் கோட்டு ஆள், பிறகு வண்டிக்காரர். கண்ட்ரோலில் இரண்டாமவரைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். வாலையும் ஆம்புலன்ஸையும் எந்தக் காரணத்துக்காகவும் காலியாக விடக் கூடாது. முதல் நிலையம் 6:40-க்கே மூடிவிடுவதால் அந்த ஆபரேட்டர் கையிருப்பு ஆளாகிறார். அவரை வீட்டுக்கு அனுப்பாமல் வாலுக்குத் துணையாகச் சேர்த்துவிடுங்கள்.

அனுமதியும் வரம்பும்

ஹாம் உரிமம் பணத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படக் கூடாது. சேவைக்குக் கூலி வாங்கக் கூடாது. ஸ்பான்சர் நிறுவனத்தின் பொருளை எங்கே இறக்குவது போன்ற பேச்சும் நமது அலைவரிசையில் வேண்டாம். உரிமம் இல்லாத தன்னார்வலர் கையில் ஹேண்டியைக் கொடுத்து "ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்பதும் தவறு. பிறர் செய்தியைக் கடத்துவதில் விதிகள் கண்டிப்பானவை. அதனால் பாதுகாப்பான வழி, ஆபரேட்டர் தன் கண்ணால் பார்த்ததைத் தானே சொல்வது. நிகழ்ச்சி, தேதி, இடம், கால்சைன் (உரிமத்தில் தந்த அழைப்புக் குறி) பட்டியல் ஆகியவற்றோடு மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூ.பி.சி.க்கும், பாதையில் உள்ள காவல் நிலையங்களுக்கும், போக்குவரத்துப் போலீசுக்கும் முன்கூட்டியே எழுதுங்கள். உரிம நகல் ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும். ஏரிக்கரையை ஒட்டி மெட்ராஸ் சாப்பர்ஸ் ராணுவ வளாகம், கப்பன் ரோட்டில் அணிவகுப்பு மைதானம். இந்தப் பக்கங்களில் ஆண்டெனாவைத் தூக்கிக்கொண்டு நிற்பவரை விசாரிப்பார்கள். விசாரிப்பது அவர்கள் கடமை. நகலைக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் முடியும்.

பார்க்கிங், தண்ணீர் பாட்டில், டி-ஷர்ட் பங்கீடு இதற்கெல்லாம் ஏற்பாட்டாளர்களுக்குத் தனி வழி உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தி வாக்கி-டாக்கிகளுக்கு 2018 முதல் தனி உரிமம் தேவையில்லை. அவற்றில் ஒன்றைக் கண்ட்ரோல் மேசையில் வைத்துக்கொண்டால் அவர்கள் பேச்சும் காதில் விழும், நமது நெட்டும் (குழுவின் பொது ரேடியோப் பேச்சு) சுத்தமாக இருக்கும்.

அலைவரிசை

இந்த வேலைக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரண்டு மீட்டர் பேண்ட் போதும். 145.800-க்கு மேலே போகாதீர்கள். 145.800-இல் சர்வதேச விண்வெளி நிலையம் கீழே பேசுகிறது, அதற்கு மேலே 146 வரை செயற்கைக்கோள்களுக்கான இடம். நம் ஊரில் உருவாகி 2005 மே 5 அன்று பி.எஸ்.எல்.வி. சி6 ராக்கெட்டில் போன ஹாம்சாட் செயற்கைக்கோளும் 145.9-ஐ ஒட்டித்தான் பேசியது.

ரிப்பீட்டர் இருந்தால் அதன் பொறுப்பாளரிடம் கேட்டுப் பயன்படுத்துங்கள். ஆனால் அதையே நம்பித் திட்டம் போடாதீர்கள். மின்வெட்டு, இடி, பூட்டிய மாடி என்று அது நின்றுபோக நூறு காரணம் உண்டு. முதல் சேனல் ரிப்பீட்டர், இரண்டாவது சிம்ப்ளெக்ஸ், மூன்றாவது இன்னொரு சிம்ப்ளெக்ஸ். மூன்றையும் எல்லா ஹேண்டியிலும் 1, 2, 3 என்று ஒரே வரிசையில் ஏற்றுங்கள். "145 புள்ளி நாலு இரண்டு ஐந்துக்கு வாங்க" என்று பதற்றத்தில் சொன்னால் பாதிப் பேர் வேறெங்கோ போவார்கள்; "சேனல் டூ" என்றால் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

டோன் (பேச்சோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி; அது வந்தால்தான் எதிர்முனை திறக்கும்) பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ரிசீவில் டோன் வைத்தால் குறுக்கீடு வராது என்று நினைக்கிறார்கள். குறுக்கீடு வந்துகொண்டேதான் இருக்கும், உங்கள் காதுக்கு மட்டும் கேட்காது. சேனல் காலியாக இருப்பதாக நினைத்துப் பேசுவீர்கள், எதிர்முனையில் இரண்டு சிக்னல் மோதும். டோன் மறந்துபோன ஒருவர் உதவி கேட்டுக் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. ரிப்பீட்டருக்குள் நுழைய அனுப்பும் பக்கம் டோன் வையுங்கள். கண்ட்ரோலில் கேட்கும் பக்கம் டோன் வேண்டவே வேண்டாம்.

பாதையை நடந்து பாருங்கள்

வரைபடத்தில் 3 கிலோமீட்டர் என்றால் 5 வாட் ஹேண்டி எட்டிவிடும் என்று தோன்றும். நகரத்தில் தூரம் அவ்வளவு முக்கியமில்லை, இடையில் நிற்பதுதான் முக்கியம். ஏரி என்றாலே பள்ளம்; எம்.ஜி. ரோடு மேடு. அல்சூர் ஏரிக்கரையிலிருந்து பேசும் சிக்னல் அந்த மேட்டையும் அதன் மேலுள்ள கட்டடங்களையும் தாண்டித்தான் கண்டீரவாவுக்கு வர வேண்டும். எம்.ஜி. ரோட்டில் மெட்ரோப் பாலத்தின் கான்கிரீட் அடியில் நின்றால் சிக்னல் சட்டென்று இறங்கும், பத்தடி தள்ளி வெளியே வந்தால் ஏறும்.

ஒரு வாரம் முன்பு, அதே கிழமை அதே நேரத்தில், ஒருவர் கண்ட்ரோல் இடத்தில் உட்கார, ஒருவர் ஹேண்டியோடு பாதை முழுக்க நடக்கட்டும். குறைந்த பவரில் பேசிப் பாருங்கள். ஒரு வாட்டில் கேட்டால் நிகழ்ச்சியன்று கூட்டத்தின் நடுவே ஐந்து வாட்டில் கேட்கும். ஒவ்வொரு நிலையத்திலும் எந்த மரம், எந்தத் தூண் அருகே நின்றால் நன்றாக இருக்கிறது என்று எழுதி வையுங்கள். இந்த பேண்டில் அலைநீளம் இரண்டு மீட்டர். கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளியும் வலுவான புள்ளியும் அரை மீட்டர் இடைவெளியிலேயே வரும். "உங்க சிக்னல் உடையுது" என்று கண்ட்ரோல் சொன்னால் முதல் வைத்தியம் பவரைக் கூட்டுவதல்ல. ஒன்றிரண்டு அடி நகர்ந்து நின்று பேசுங்கள்.

எட்டாத இடம் இருந்தால் ரிலே நிலையம் வேண்டும். ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கக் கட்டடம் மாதிரி, அனுமதி கிடைக்கும் ஒரு மாடியில் ஒருவர் உட்கார்ந்தால் பள்ளத்துப் பேச்சைக் கேட்டு மேட்டுக்குச் சொல்லலாம். சக்தியை இருமடங்காக்கினால் 3 டெசிபெல்தான் கூடும். ஆண்டெனா உயரத்தை இருமடங்காக்கினால் திறந்த வெளியில் ஏறக்குறைய 6 டெசிபெல். கேட்பதிலும் அதே லாபம். மாடிக்கு ஏறும் சிரமத்தைப் பார்க்காதீர்கள்.

கண்ட்ரோல் நிலையம்

கண்ட்ரோலை மேடைக்குப் பக்கத்தில் போடச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் பலவீனமான குரல் கேட்காது. பெரிய எல்.இ.டி. திரை அகன்ற இரைச்சலை அலைவரிசையில் கொட்டும், ஜெனரேட்டரும் அப்படியே. நமது 25 வாட் பக்கத்து மைக் கேபிளில் ஏறி மேடையில் கரகரப்பாக வரும். குறைந்தது 50 மீட்டர் தள்ளி, மருத்துவக் கூடாரத்தை ஒட்டி உட்காருங்கள். டாக்டர் கைநீட்டும் தூரத்தில் இருப்பதுதான் வசதி.

ஆண்டெனாவுக்கு எளிய கிரவுண்ட் பிளேன் போதும். நான்கு துளையுள்ள எஸ்.ஓ.239 சாக்கெட் ஒன்று, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் பித்தளைக் கம்பி இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். எஸ்.பி. ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லாம் கிடைக்கும். நடு முனையில் செங்குத்தாக 51 சென்டிமீட்டர் பற்றவைத்து, எஸ்.டபிள்யூ.ஆர். (ஆண்டெனா செட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1-க்குக் கிட்ட வந்தால் நல்லது) பார்த்து 5 மில்லிமீட்டராக வெட்டிக்கொண்டே வாருங்கள். 49 சென்டிமீட்டருக்குக் கிட்ட வந்து நிற்கும். கீழ்நோக்கி 45 டிகிரியில் நான்கு ரேடியல் கம்பிகள், ஒவ்வொன்றும் 52 சென்டிமீட்டர். அந்தச் சாய்வுதான் ஆண்டெனாவை 50 ஓமுக்குக் கிட்டக் கொண்டுவருகிறது. ரேடியல்களைத் தட்டையாக விட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். சரியாக இறங்காது. 1.5-க்குக் கீழே வந்தால் போதும், அதற்கு மேல் போராட வேண்டாம். கம்பி முனைகளைச் சிறிய வளையமாக மடக்குங்கள், ஏற்றி இறக்கும்போது குழந்தைகள் கண் உயரத்துக்கு வரும்.

மூங்கில் கழியிலோ பி.வி.சி. குழாயிலோ ஐந்தாறு மீட்டர் உயர்த்தினால் நல்லது. அருகே மின்கம்பி இருந்தால், கழி சாய்ந்து விழுந்தாலும் தொடாத தூரத்தில் நடுங்கள். ஆர்.ஜி.58 கேபிள் 10 மீட்டருக்கு ஏறக்குறைய 2 டெசிபெல் தின்னும். 25 வாட்டில் 16 வாட்தான் மேலே போகும். தேவைக்கு மேல் நீளமான கேபிளைச் சுருட்டி வைக்காதீர்கள். மழை வந்தால் கனெக்டருக்கு முன்னால் கேபிள் ஒரு வளைவு கீழே தொங்கி ஏற வேண்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

மின்சாரத்துக்கு ஜெனரேட்டரை நம்ப வேண்டாம். மொபைல் செட் கேட்கும்போது அரை ஆம்பியர், 25 வாட்டில் பேசும்போது ஆறு ஆம்பியர் எடுக்கும். ஐந்தில் ஒரு பங்கு நேரம் பேசுகிறோம் என்றால் சராசரி 1.6 ஆம்பியர், ஆறு மணி நேரத்துக்குப் பத்து ஆம்பியர்-மணி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 26 ஆம்பியர்-மணி பேட்டரி சரியாக இருக்கும். பாசிட்டிவ் ஒயரில், பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். செட்டுக்குப் பக்கத்தில் போட்டால் நடுவில் ஒயர் நசுங்கும்போது காப்பாற்றாது.

ஹேண்டி

இங்கேதான் அதிகக் கோளாறு வரும். 1800 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, அளவாகப் பேசினால் புதிதில் பத்து மணி நேரம் நிற்கும். மூன்று வருடப் பழசு என்றால் ஆறு மணி நேரம் என்று வையுங்கள். எனவே ஆளுக்கு ஒரு மாற்று பேட்டரி. ஹேண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்பீக்கர் மைக்கில் பேசினால் உடம்பு பெரும்பகுதியை விழுங்கிவிடும். முகத்துக்கு நேரே, செங்குத்தாகப் பிடித்துப் பேசுங்கள். சுமார் 50 சென்டிமீட்டர் ஒயரை ஒரு லக்கில் (உலோக வளையம்) கோத்து, ஆண்டெனாவின் அடியில் வெளி வளையத்தைத் தொடும்படி மாட்டித் தொங்கவிட்டால் சின்ன ரப்பர் ஆண்டெனாவுக்கே நல்ல முன்னேற்றம் தெரியும். லக் நடு முள்ளைத் தொட்டுவிடக் கூடாது.

விலை குறைந்த ஹேண்டிகளில் இரண்டு அலைவரிசைகளை மாறி மாறிக் கேட்கும் டூயல் வாட்ச் வசதி உண்டு. நிகழ்ச்சியன்று அதை அணைத்துவிடுங்கள். கீழ் வரிசையில் ஏதோ சத்தம் வந்து செட் அங்கே தாவியிருக்கும், நீங்கள் பேச்சுப் பொத்தானை அழுத்தினால் பேச்சு அந்த அலைவரிசையில் போகும், கண்ட்ரோலுக்கு எதுவும் கேட்காது. விசைப்பலகையைப் பூட்டுங்கள். எல்லா செட்டும் ஒரே சேனல் அகலத்தில் (வைட் அல்லது நேரோ) இருக்க வேண்டும். அகலத்தில் இருப்பவர் நடுவில் ஒருவர் மட்டும் குறுகலில் இருந்தால் அவர் குரல் தாழ்ந்து ஒலிக்கும், அவரிடம் "சத்தமா பேசுங்க" என்று சொல்லிப் பயனில்லை.

டைம்-அவுட் டைமரை (நேரம் தாண்டினால் செட் அனுப்புவதைத் தானே நிறுத்தும் வசதி) 60 நொடியில் வையுங்கள். இது ஒன்றே ஒரு காலைப் பொழுதைக் காப்பாற்றும். பையில் அமுங்கிய ஸ்பீக்கர் மைக் பொத்தான் சேனலையே அடைத்துவிடும். அமுக்கிக்கொண்டிருக்கும் ஆளுக்கு எதுவும் கேட்காது, ஏனென்றால் அவர் செட் அனுப்பிக்கொண்டிருக்கிறது. முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: ஒரு நிமிடத்துக்கு மேல் சேனல் அடைபட்டால் எல்லோரும் தன் பொத்தானைப் பார்த்துவிட்டு, சொல்லாமலே சேனல் இரண்டுக்குப் போக வேண்டும். அங்கே கண்ட்ரோல் வரிசையாக அழைக்கும். யார் பதில் சொல்லவில்லையோ அவர்தான். அவருக்குக் கைபேசியில் ஒரு அழைப்பு.

பேச்சு

பெங்களூரில் ஒரு நெட்டில் தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் நான்கும் வரும். மொழியைத் தடுக்க வேண்டாம்; பதற்றத்தில் அவரவர் மொழிதான் வாயில் வரும். ஆனால் எண்களை மட்டும் எல்லோரும் ஆங்கிலத்தில், ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும். தமிழில் தொண்ணூறும் தொள்ளாயிரமும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். ஆறும் நூறும் அப்படியே. பிப் (நடப்பவர் சட்டையில் குத்தும் எண் அட்டை) 947 என்றால் "நைன், ஃபோர், செவன்". "இங்கே", "அங்கே", "பக்கத்துல", "முன்னாடி" என்ற சொற்களை அலைவரிசையில் விலக்குங்கள். சொல்பவருக்கு எல்லாம் கண்முன்னே இருக்கிறது, கேட்பவர் ஒரு மேசைக்கு முன்னால் இருக்கிறார். அல்சூர், ஹலசூரு இரண்டும் ஒரே இடம் என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும். வேறு ஊரிலிருந்து வந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குத் தெரியாமல் போகலாம். எந்தப் பெயர் என்று அச்சடித்த தாளிலேயே முடிவு செய்யுங்கள்.

நிலைய எண்ணையே அழைப்புப் பெயராக வையுங்கள். அதோடு கால்சைனையும் பேச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்ல வேண்டியது விதி, விட்டுவிடாதீர்கள். பொத்தானை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ரிப்பீட்டர் விழிப்பதற்குள் முதல் சொல் போய்விடும். எஃப்.எம்.மில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் வலுவான சிக்னல் உள்ளவர் குரல் மட்டும் கேட்கும், பலவீனமானவர் பேசியதே தெரியாது. அதனால் கண்ட்ரோல் ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் இரண்டு நொடி மௌனம் விட வேண்டும். அந்த இடைவெளியில்தான் ஏரிக்கரையிலிருந்து இடையில் பேச இடம் கேட்டு ஒரு மெல்லிய "பிரேக், பிரேக்" வரும்.

ஓர் அவசரச் செய்தி, கால்சைன் அறிமுகம் நீங்கலாக, இப்படி இருக்க வேண்டும்:

"கண்ட்ரோல், ஃபோர். அவசரம்."

"ஃபோர், சொல்லுங்க சார். மத்தவங்க அமைதி."

"வள்ளுவர் சிலைக்கு எதிர்ப்பக்க நடைபாதை. பெண், வயசு ஃபைவ் ஸீரோ இருக்கும். மயங்கி உட்கார்ந்திருக்காங்க, நினைவு இருக்கு, பேசுறாங்க. பிப் நைன் ஃபோர் செவன். ஆம்புலன்ஸ் வேணும். ஓவர்."

"ஃபோர், வள்ளுவர் சிலை எதிர்ப்பக்கம், நைன் ஃபோர் செவன், நினைவு இருக்கு. ஆம்புலன்ஸ் அனுப்புறேன். அவங்ககூடவே இருங்க."

முதலில் இடம். பேச்சு பாதியில் அறுந்தாலும் ஆம்புலன்ஸ் கிளம்பிவிடலாம். பெயர் சொல்லக் கூடாது, நோய் என்னவென்று ஊகித்துச் சொல்லக் கூடாது. இந்த அலைவரிசையை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், நமக்கு ரகசியக் குறியீடு வைத்துக்கொள்ளவும் அனுமதி இல்லை. பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா, ரத்தம் வருகிறதா. நிலைமை கனமாக இருந்தால் கண்ட்ரோலின் இரண்டாம் ஆள் அதே நேரத்தில் 108-ஐக் கைபேசியில் அழைப்பார். நிலைய ஆபரேட்டர் அழைக்கக் கூடாது. அவர் நோயாளியையும் ஹேண்டியையும் விட்டு வேறெங்கும் போகக் கூடாது.

ஆம்புலன்ஸில் இருக்கும் ஹாம், வண்டி நகரும்போதெல்லாம் இடத்தையும் திசையையும் சொல்ல வேண்டும். இந்த ஊரின் ஒருவழிச் சாலைகளில் 400 மீட்டர் தள்ளி நிற்கும் வண்டி தவறான பக்கம் பார்த்திருந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றி வரும்.

வால்

வாலோடு போகிறவர் குழுவிலேயே பொறுமையானவராக இருக்க வேண்டும். பளிச்சென்ற மேலங்கி, மாற்று பேட்டரி, கொஞ்சம் சர்க்கரை, இரண்டு தண்ணீர் பாட்டில். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் சொல்ல வேண்டும், எதுவும் நடக்கவில்லை என்றாலும். பதினைந்து நிமிடம் குரல் வரவில்லை என்றால் கண்ட்ரோல் அழைக்க வேண்டும்.

வால் தவறுவது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான். கடைசியில் நடப்பவர் டீக்கடையில் உட்காருவார், அல்லது கழிப்பறைக்குப் போவார்; வால் ஆபரேட்டர் முன்னால் தெரியும் கூட்டத்தைக் கடைசி என்று நினைத்துத் தொடர்வார். அந்த நொடியிலிருந்து ஒருவர் கணக்கில் இல்லை. அதனால் வாலுக்கு ஒரே விதி: பிப் அணிந்த யாரையும் தாண்டிப் போகக் கூடாது. அவர் உட்கார்ந்தால் நீங்களும் நில்லுங்கள். அவர் "போதும், வீட்டுக்குப் போறேன்" என்றால் பிப் எண்ணையும் போகும் வழியையும் கேட்டுக் கண்ட்ரோலுக்குச் சொல்லுங்கள். எம்.ஜி. ரோட்டிலும் டிரினிட்டியிலும் மெட்ரோ கண்முன்னே நிற்பதால் சொல்லாமல் போகிறவர்களும் இருப்பார்கள். ஆகவே நிலையங்களில் ஆட்களை எண்ணிக் கூட்டிக் கழித்தால் ஒருபோதும் பொருந்தாது. அதற்கு ஆள் போடாதீர்கள். தாண்டாத வால் ஒன்றுதான் நம்பத்தக்க கணக்கு.

நிலையம் மூடுவதும் வாலை ஒட்டியே. வால் வந்து நிலைய ஆபரேட்டரின் முகத்தைப் பார்க்க வேண்டும், இருவரும் கண்ட்ரோலிடம் சொல்ல வேண்டும், கண்ட்ரோல் நேரத்தை எழுதி "டூ மூடலாம்" என்ற பிறகுதான் கிளம்ப வேண்டும். போக்குவரத்துப் போலீசுக்கும் அதே நேரத்தில் சொல்லிவிடுங்கள். வால் தாண்டிய துண்டை அவர்கள் திறக்கலாம், தாண்டாத துண்டைத் திறக்காமலிருக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

லாக்கில் நான்கு கட்டங்கள் போதும்: நேரம், யார், என்ன, என்ன செய்தோம். பேசுபவரே எழுதினால் இரண்டும் கெடும், அதற்குத்தான் கண்ட்ரோலில் இருவர். மணிக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ளுங்கள். ஹெட்போனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டால் காது பலவீனமான சிக்னலைத் தவறவிடத் தொடங்கும்.

வால் கோட்டைத் தாண்டியதும் உடனே நெட்டை மூடாதீர்கள். ஆம்புலன்ஸை இன்னும் இருபது நிமிடம் நிறுத்திவையுங்கள். நடந்து முடித்து உட்கார்ந்த பிறகு மயங்குகிறவர்கள் உண்டு. மருத்துவக் கூடாரத்தில் யாரும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் ஒன்று முதல் ஐந்து வரை, தலை, வால், ஆம்புலன்ஸ், வண்டி என்று வரிசையாக அழைத்து, ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசி ஆபரேட்டர் பதில் சொன்ன நேரத்தை லாக்கில் குறித்து, கண்ட்ரோல் தன் கால்சைனைச் சொல்லி அலைவரிசையை விடுவித்த பிறகு கழியை இறக்கலாம்.